துளை எண் நாற்பத்தேழு

கிரானைட், கிரானைட், மறுபடி கிரானைட்
என்று எழுதிக்கொண்டிருக்கிறாள் புருல்கான்.
மை உறைந்துவிட்டதால் பென்சில்.
விரல்நுனி வெட்டிய கையுறை.
தியான்ஷான் மலையில் அக்டோபர் கடைசி.
தகரக் கொட்டகை முழுக்கப் பெட்டிகள்,
பெட்டிக்குள் வரிசையாய்
மலையின் உருளைத் துண்டுகள்.
உப்பும் மிளகும் தூவிய நிறம்.
அழகுதான்.
அழகுக்கு யார் டீசல் ஊற்றுவார்கள்?

பிஷ்கெக்கிலிருந்து போன்:
"இருநூறு மீட்டரில் நிறுத்திவிடுங்கள்."

அவள் சொல்ல நினைத்தது நீளம்.

இந்தக் கல் ஒருகாலத்தில் குழம்பு.
அடியிலிருந்து ஏறி வந்தது,
எரிமலையாகும் யோகம் இல்லை.
பழைய கடற்சேற்றுப் பாறையில் முட்டி
முட்டிய இடத்திலேயே ஆறத் தொடங்கியது.
ஆறும்போது படிகங்கள் பந்தி போட்டன.
சிலிக்காவுக்கு இடம், அலுமினியத்துக்கு இடம்,
பொட்டாசியத்துக்கு நல்ல இடம்.
பந்தி முடிந்தும் இலை கிடைக்காமல் நின்றவை
தண்ணீர், கந்தகம், ஆர்சனிக், பிஸ்மத்,
அவற்றின் பின்னால்
தூசிக்கும் குறைவாய்த் தங்கம்.

இறுகும் கல் நெருக்க நெருக்க
ஆவியாகவும் வழியில்லாத அந்தக் கொதிநீர்
கூரையைப் பிளந்துகொண்டு வெளியேறியது.
தங்கம் தனியாய் நடக்காது.
கந்தகத்தின் கையைப் பிடித்துக்கொண்டுதான்
தண்ணீருக்குள் கரைந்து போகும்.
வெளியே சேற்றுப்பாறையில் இரும்பு காத்திருந்தது.
கந்தகம் இரும்பைக் கண்டதும்
பிடித்திருந்த கையை விட்டது.
விழுந்தது தங்கம்.
விழுந்த இடத்தை வெள்ளைக் குவார்ட்ஸ் மூடியது.
மறுபடி பிளந்தது, மறுபடி மூடியது,
எத்தனை தடவை என்று கல்லுக்கும் கணக்கில்லை.

இவ்வளவும் சொல்லப் போனில் சிக்னல் இல்லை.
"அடுப்புக்குள் சோறு தேடுகிறோம்," என்றாள்.
"இன்னும் முப்பது மீட்டர். அடுப்பைத் தாண்டணும்."
மறுமுனையில் இருமல்.
அதைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டாள்.

துளைக்கும் இயந்திரம் ரிஸ்கெல்டியுடையது,
அதாவது அவன் முழங்கால் வலி அதனுடையது.
ஞாயிறுதோறும் பள்ளத்தாக்கின் வெந்நீர் ஊற்றில்
கால் நனைத்து, அழுகிய முட்டை வாசனையோடு திரும்புவான்.
"அந்தத் தண்ணியில தங்கம் இருக்கா?"
"அது வேற தண்ணி. போன நூற்றாண்டுப் பனி.
பிளவில் இறங்கிச் சுட்டுக்கொண்டு மேலே வருது.
இந்தக் கிரானைட் ஆறி முப்பது கோடி வருஷம்."
அவன் கிரானைட்டைத் தொட்டுப் பார்த்தான்,
சந்தேகம் தீராதவன் மாதிரி.

இருநூற்று மூன்றில் நிறம் மாறியது.
வெந்து இறுகிய கறுப்பு, அம்மைத் தழும்புப் புள்ளிகள்.
இருநூற்றுப் பதினொன்றில்
நூல் நூலாய்க் குவார்ட்ஸ்,
ஒரே சாய்வில், ஒன்றை ஒன்று தொடாமல்.
ஓரங்களில் ஈய வெள்ளையாய் ஏதோ மின்னியது.
சுத்தியலால் ஒரு தட்டு.

"யாரு பூண்டு வதக்குறது?"
என்று வாசலிலிருந்து கேட்டான் ரிஸ்கெல்டி.

யாரும் இல்லை. ஆர்சனிக்.
அடிபட்டால் அதற்கு அந்த மணம்.
லென்ஸ் வழியே அரை மணி நேரம் பார்த்தாள்,
மஞ்சளாய் எதுவும் தென்படவில்லை.
கண்ணுக்குத் தெரியும் என்று அவள் நினைக்கவும் இல்லை.

ஐந்து வாரம் கழித்து ஆய்வகத் தாள் வந்தது.
மூன்றரை மீட்டருக்கு,
டன்னுக்கு இரண்டு புள்ளி ஆறு கிராம்.
பிஷ்கெக் இரண்டு முறை போன் செய்தது,
இருமல் இல்லாமல்.

"அப்படின்னா எவ்வளவு?" என்றான் ரிஸ்கெல்டி.
சிரித்தால் மேல்வரிசையில் நான்கு தங்கப் பல் அவனுக்கு.
"ஒரு டன் கல்லை மாவாய் அரைச்சா
உன் ஒரு பல். அதுவும் முழுசா வராது."
அவன் வாயை மூடிக்கொண்டான்,
நாக்கால் ஒவ்வொன்றாய் எண்ணுவது தெரிந்தது.

கொட்டகைக்குக் கீழே ஓடை.
அதில் நூர்பூபூவின் குதிரைகள்
பனித்தோலைக் குளம்பால் உடைத்துக் குடிக்கின்றன.
புருல்கான் பதிவேட்டைத் திருப்பி
யாரும் படிக்காத கடைசிப் பத்தியில்
'பூண்டு மணம், பலமாக' என்று எழுதினாள்,
பிறகு 'பலமாக' என்பதன் கீழ்
பென்சில் முனை ஒடியும்வரை கோடு போட்டாள்.